பாறை சுடாத மாதம்

மார்கழி 2, செவ்வாய்

வாசலில் கோலம் போட்டுவிட்டு மாவுக் கிண்ணத்தை வைக்க உள்ளே போய்த் திரும்பினால், எங்கள் நாய் செவலை கோலத்தின் நடுவில் நிற்கிறது. ஆத்தா முகப்பிலிருந்தே அதட்டினார். அது பயந்து உள்ளே ஓட, முகப்பிலிருந்து வளவு முற்றம் வரை ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை வெள்ளையாகக் கால் தடம். துடைப்பதற்குக் குனிந்து கையை ஊன்றினேன். கல் சில்லென்று இருந்தது. தூணில் மாட்டியிருக்கும் வெப்பமானி 21 டிகிரி காட்டியது. தடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த மார்கழிக்குள் செவலையைப் பிரான்மலை உச்சிக்கு அழைத்துப் போக வேண்டும்.

போன பங்குனியில் ஒருமுறை முயன்று பாதியில் இறங்கினோம். தவறு முழுக்க என்னுடையது. ஏழரை மணிக்குச் சாவகாசமாக ஏறத் தொடங்கி, ஒன்பதரை மணிக்கு வெட்டவெளிப் பாறையில் நின்றோம். செருப்புப் போட்டிருந்த எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. செவலை ஒரு காலைத் தூக்கியது, வைத்தது, மறு காலைத் தூக்கியது. கடைசியில் ஒரு புதரின் நிழலுக்குள் நுழைந்து படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அப்போதுதான் பாறையில் கை வைத்தேன். தோசைக்கல் போலக் காய்ந்திருந்தது. அண்ணன் மகன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கினான். இரண்டு நாள் அது தரையில் கால் ஊன்றவே அஞ்சியது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஏறினால் வடமேற்கே அந்த மலை தெரியும். துணி காயப்போடும் போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

மார்கழி 5, வெள்ளி

கால்நடை மருந்தகத்துக்குப் போய் வந்தோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஓராண்டாகிவிட்டது, அதுவும் ஆயிற்று. மருத்துவர் நிதானமானவர். மலை ஏற்றம் என்றதும் தடுப்பார் என்று நினைத்தேன். மாறாக, செவலையின் உள்ளங்காலை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "ஐந்து வயதுதானே, தாராளமாக ஏறும். சூட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாம் களைத்து உட்காரும் நேரத்துக்கு முன்பே அது களைத்திருக்கும், ஆனால் நாம் நடக்கிறோமே என்று பின்னால் வந்துகொண்டிருக்கும் என்றார். இதைக் கேட்டதும் பங்குனி மாதம் மறுபடி நெஞ்சில் வந்து குத்தியது.

புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். நம்மால் வைத்திருக்க முடியாவிட்டால் அதனாலும் மிதிக்க முடியாது. தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வெங்காயம், பூண்டு, திராட்சை கண்ணில் காட்டக் கூடாது.

ஆத்தாவுக்குத்தான் சம்மதம் இல்லை. பிள்ளையார் நோன்பு வருகிறது, மாவு இடிக்க வேண்டும், வீட்டை ஒழிக்க வேண்டும், இந்த நேரத்தில் மலையாவது நாயாவது என்றார். நாங்கள் நகரத்தாரில் வயிரவன் கோவில் பிரிவைச் சேர்ந்தவர்கள். வயிரவரின் வாகனத்தை அவருடைய மலைக்கு அழைத்துப் போகிறேன் ஆத்தா என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி செவலைக்கு வைத்த சோற்றில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது.

மார்கழி 11, வியாழன்

ஐந்து நாளாக விடியும் முன் ஊருணியைச் சுற்றி நடை. முதல் நாள் மூன்று சுற்று, இன்று எட்டு. கயிற்றைத் தளர்வாகப் பிடித்தால் இழுக்காமல் வருகிறது.

இரவு மகள் சுவிட்சர்லாந்திலிருந்து பேசினாள். அவளும் சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவின் நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாளாம். அங்கே முழங்கால் வரை பனி. நாயின் விரல்களுக்கு நடுவே இருக்கும் மயிரில் பனி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளுமாம். நடக்க முடியாமல் நொண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக் கரைக்க வேண்டும். கிளம்பும் முன் உள்ளங்காலில் மெழுகு பூசிவிடுகிறார்கள். சாலையில் பனி உருகுவதற்காகக் கொட்டும் உப்பு அதைவிடப் பொல்லாதது, காலை அரித்துவிடும் என்றாள்.

வெறும் காலோடு பனியில் நின்றால் விறைத்துப் போகாதா என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புதிது. நாயின் பாதத்தில் சூடான ரத்தம் கீழே வரும் குழாயும், குளிர்ந்த ரத்தம் மேலே போகும் குழாய்களும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. வருகிற ரத்தம் போகிற ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடும். அதனால் குளிர் உடம்புக்குள் ஏறாது. குளிரைத் தாங்க அதன் காலுக்குள்ளேயே வழி செய்து வைத்திருக்கிறது. சூட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதற்கு நான்தான் வழி செய்ய வேண்டும்.

அங்கே நாலரை மணி தாண்டினால் வெயில் போய்விடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறாள். இங்கே வெயில் வருவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நான் கிளம்புகிறேன்.

மார்கழி 14, ஞாயிறு

இரவு பத்தரை. கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் எழுதாமல் தூங்க மனம் வரவில்லை.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பதால், எங்கள் தெருவில் குட்டியானை வண்டி வைத்திருக்கும் தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நாலே முக்காலுக்கு நெற்குப்பையிலிருந்து புறப்பட்டோம். நான், அண்ணன் மகன், செவலை. நாளை அமாவாசை, துளி நிலா இல்லை. வண்டி விளக்கு வெளிச்சத்தில் பனி புகைபோலப் போய்க்கொண்டிருந்தது. செவலை பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி வந்தது.

அடிவாரத்தில் திருவெம்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் இது, பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. பாதாளம், பூமி, கைலாயம் என்று கோவில் மூன்று நிலையாக இருக்கிறது. கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் வயிரவர், மேலே மங்கைபாகர். நானும் அண்ணன் மகனும் முறை வைத்து உள்ளே போய் வந்தோம். வயிரவர் முன்னால் நின்றபோது, வெளியே கயிற்றோடு காத்திருக்கும் செவலைக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "ஆச்சி, கயிற்றை விட்டுவிடாதீர்கள். மேலே குரங்கு அதிகம். நாயைக் கண்டால் கூட்டம் சேர்ந்துவிடும்" என்றார். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

படிகள் இருக்கும் வரை செவலை எனக்கு முன்னால் போயிற்று. அதன் பிறகு பாறை. பனியில் நனைந்து கறுத்துக் கிடந்தது. செவலை முதலில் மோந்தது. பிறகு முன்னங்காலை வைத்தது, சறுக்கியது, நகத்தை விரித்துப் பிடித்தது. நகம் பாறையில் கீறும் சத்தம் அந்த நிசப்தத்தில் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புறங்கையை வைத்து எண்ணினேன். ஏழு வரை எண்ணி முடித்தும் எடுக்க மனமில்லை, அவ்வளவு குளிர்ச்சி. செவலையின் மீசை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிப் பனி நின்றது. அது தலையை உதறியதும் என் முகத்தில் தெறித்தது.

கோட்டைச் சுவர் மிச்சம் இருக்கும் இடத்தில் முதல் ஓய்வு. மருது சகோதரர்களின் கோட்டை என்கிறார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஊரைத் தாண்டித்தான் காரைக்குடிக்கு வாராவாரம் பஸ்ஸில் போகிறேன். அண்ணன் மகன் வெகுநேரம் சுவரில் கை வைத்தபடி நின்றான். பள்ளிக்கூடத்தில் தேர்வுக்குப் படித்ததை இப்படித் தொட்டுப் பார்ப்பான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

அதற்கு மேல்தான் கடினம். ஓரிடத்தில் பாறை நெஞ்சுயரத்துக்கு நின்றது. செவலை இரண்டு முறை பாய்ந்து பார்த்துவிட்டு, பின்வாங்கி உட்கார்ந்துகொண்டது. "தூக்கிவிடட்டுமா அயித்தை?" என்றான் அவன். வேண்டாம் என்றேன். தூக்கி ஏற்றினால் இறங்கும்போது அது குதித்தாக வேண்டும், அங்கேதான் கால் முறியும். அதுவே வழி பார்க்கட்டும் என்று கயிற்றை நீளமாக விட்டேன். இடப்பக்கம் புதரை மோந்துகொண்டே போயிற்று. ஆடுகள் போய்ப் போய்த் தேய்ந்த ஒரு தடம் அங்கே இருந்தது. நாங்கள்தான் அதன் பின்னால் குனிந்து, முள்ளில் சேலையும் சட்டையும் மாட்டிக்கொண்டு ஏறினோம்.

பாரியின் பறம்பு மலை இது. மூவேந்தரும் சுற்றி வளைத்துக் கிடந்தபோது, உழவர் உழாமலே இந்த மலை நான்கு பொருள் தரும் என்று கபிலர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். படையோடு வந்தால் கிடைக்காது, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வந்தால் கொடுத்துவிடுவான் என்றும் சொல்கிறார். அந்தச் சரிவில் மூச்சு வாங்க நின்றபோது, வேலும் கேடயமும் சுமந்து இதில் எவன் ஏறியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

குரங்குகள் எட்டரை மணிக்கு வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். செவலைக்கு முதுகு மயிர் சிலிர்த்தது, குரைக்கவில்லை, கழுத்துக்குள்ளேயே உறுமியது. சோற்று மூட்டையை அண்ணன் மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். செவலையைக் காலுக்கிடையே நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், அடி மேல் அடி வைத்து நகர்ந்தோம். அவை பின்தங்கிய பிறகுதான் கயிறு பதிந்து என் மணிக்கட்டு சிவந்திருப்பதைப் பார்த்தேன்.

உச்சி ஏறக்குறைய 2,500 அடி. அங்கே தர்கா இருக்கிறது. நாயோடு எவ்வளவு தூரம் வரலாம் என்று தயங்கித் தொலைவிலேயே நின்றோம். அங்கிருந்த பெரியவர் எங்களைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து செவலையின் முன்னால் வைத்தார். "குடிக்கட்டும், எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது" என்றார். அது சளக் சளக்கென்று குடித்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை.

கீழே பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அதன் நடுவில் அங்கங்கே ஈயத்தகடு போலக் கண்மாய்கள். இந்த ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை அத்தனையும் அங்கே கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் என்று கைகாட்டினேன். செவலை நான் காட்டிய திசையைப் பார்க்காமல் என் விரலைப் பார்த்தது. நாங்கள் புளியோதரையும் சீப்புச்சீடையும் சாப்பிட்டோம். அதற்குத் தயிர்ச்சோறு, முட்டை. அப்போது மகள் அனுப்பிய படம் வந்தது, நேற்று எடுத்தது. கண் கூசும் வெள்ளை, நடுவில் ஒரு கறுப்பு நாய். 'அம்மா, இங்கே பனி' என்று எழுதியிருந்தாள். செவலையின் ஈர முதுகைப் படம் எடுத்து, 'இங்கேயும் பனி' என்று அனுப்பினேன்.

ஒன்பதே காலுக்கே இறங்கத் தொடங்கிவிட்டோம். அண்ணன் மகனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வழியில் கை வைத்துப் பார்த்தபோது பாறை வெதுவெதுப்பாக இருந்தது, ஏழு எண்ண முடிந்தது. பதினொன்றுக்கு அடிவாரம். வீட்டில் ஆத்தா வாசலிலேயே நின்றிருந்தார். முதலில் அதன் காலைத்தான் பார்த்தார்.

மார்கழி 15, திங்கள்

செவலை எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட மட்டும் எழுந்தது. நானும் அப்படித்தான்.

மார்கழி 17, புதன்

காலையில் பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே நடந்தது. ஞாயிறன்றே நான்கு பாதத்தையும் பார்த்தேன், கழுவினேன். விரல்களுக்கு நடுவே மயிரை விலக்கிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மகள் பனி உருண்டையைப் பற்றிச் சொன்ன அதே இடம். மருத்துவர் மயிரைக் கத்தரித்துவிட்டு அழுத்தியதும், சீழோடு ஒரு சூரை முள்ளின் நுனி வெளியே வந்தது. அரிசி முனை அளவுதான். செவலை கத்தவில்லை, என் முழங்கையை வாயால் மெல்லக் கவ்விக்கொண்டிருந்தது, பல் படாமல்.

பத்து நாள் நடை கூடாது, ஈரம் படக் கூடாது. கட்டுப்போடத் துணி தேடிக்கொண்டிருந்தபோது, ஆத்தா பெட்டகத்தைத் திறந்து தன்னுடைய பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்தார். நைந்து பூப்போல இருந்தது. கட்டம் போட்ட அந்த அரக்குச் சேலையில் ஒரு முழம் கிழித்து, தானே குனிந்து உட்கார்ந்து கட்டிவிட்டார். மாலையில் நான் வாசல் தெளிக்கப் போனபோது செவலையும் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தது. ஆத்தா நிலைப்படியில் கையை நீட்டி அதை மறித்து, ஈரம், ஈரம் என்றார்.