விமானத்துக்கும் உண்டு வில்லங்கச் சான்றிதழ்

வாடகை பாக்கி வைத்த ஒரு விமான நிறுவனத்திடமிருந்து ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்றை மீட்டு, இந்தியப் பதிவிலிருந்து நீக்கி, நாட்டுக்கு வெளியே அனுப்பும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, விமான நிதித் துறையில் எனக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் விமானங்களை உள்ளே கொண்டுவரும் ஒப்பந்தங்களைத்தான் எழுதியிருந்தேன். வெளியே அனுப்பும் முறையை விதிகளில் படித்திருந்தேனே தவிர, செய்து பார்த்ததில்லை. அந்த ஏழு வாரங்களில் நடந்தவை இத்துறைக்கு வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். வாடிக்கையாளரையும் விமான நிறுவனத்தையும் வங்கியையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் அப்பா மன்னார்குடியில் ஆவண எழுத்தராக இருந்தவர். வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், அடமானக் கடன் தீர்ந்ததும் பதிவு செய்யும் ரசீது ஆவணம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு வீட்டில் நாள்தோறும் காதில் விழும். சென்னையில் சட்டம் படித்து, டெல்லியில் ஒரு சட்ட நிறுவனத்தில் விமானக் குத்தகைப் பிரிவில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, பெயர்கள்தாம் வேறு, வேலை அப்பாவுடையதுதான் என்று தெரிந்துவிட்டது.

இந்தியாவில் பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை விமான நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. குத்தகை நிறுவனங்கள் வாங்கி மாத வாடகைக்கு விடுகின்றன. அவற்றில் பல அயர்லாந்தில் இருக்கின்றன. 1975இல் ஷானனில் தொடங்கப்பட்ட கின்னஸ் பீட் ஏவியேஷன் போட்ட அடித்தளம் அது. அயர்லாந்தில் இருக்கும் உரிமையாளர், வேறொரு நாட்டின் கொடியின் கீழ் தினமும் இடம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் மீது தன் உரிமையை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு விடையாக, 2001 நவம்பர் 16 அன்று கேப் டவுனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 2008இல் அதில் சேர்ந்தது. அதன் கீழ் 2006 முதல் டப்ளினில் இயங்கும் சர்வதேசப் பதிவேடு முழுக்க முழுக்க இணையவழியில் நடப்பது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு விமானத்தின் தொடர் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அதன் மீது யார் யார் எந்த நாளில் எந்த நொடியில் உரிமை பதிந்தார்கள் என்ற சான்று கிடைக்கும். முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. நம் ஊர் வில்லங்கச் சான்றிதழை அறிந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏ320இன் கதை, நான் இளநிலை வழக்கறிஞராக இருந்த காலத்திலேயே தொடங்கியது. குத்தகை நடந்துகொண்டிருக்கும்போதே விமானத்தை ஒரு குத்தகை நிறுவனம் இன்னொன்றுக்கு விற்றது. வாங்கியவர் எங்கள் வாடிக்கையாளர். விற்பனை முடியும் இரவில், டப்ளின், லண்டன், நியூயார்க், டெல்லி வழக்கறிஞர்கள் ஒரே தொலைபேசி அழைப்பில் இருந்தோம். முன்நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. விமானம் எங்கே நிற்கிறது என்று ஒருவர் உறுதி சொன்னார், பணம் வந்து சேர்ந்ததை வங்கி உறுதி செய்தது, விற்பனைப் பத்திரத்தில் தேதியும் நேரமும் எழுதப்பட்டன. விற்றவருக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியின் உரிமை மட்டும் பதிவேட்டில் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்துவிட்டது, பதிவை நீக்கும் அதிகாரம் பெற்ற அலுவலர் விடுப்பில் இருக்கிறார், சில நாட்களில் நீக்கிவிடுகிறோம் என்று வங்கி கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தது. அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். சரிபார்ப்புப் பட்டியலில் “விற்பனைக்குப் பின் செய்ய வேண்டியவை” என்ற பகுதியில் பதினேழாவது வரியாக அதை எழுதியது நான்தான். இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டினேன். பிறகு அடுத்த ஒப்பந்தம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து அந்த விமான நிறுவனம் வாடகை செலுத்துவதை நிறுத்தியது. சில வாரங்களில் சேவையையும் நிறுத்தியது. குத்தகையை முடிக்கும் அறிவிப்பை அனுப்பிவிட்டு, ஐடெராவைக் கையில் எடுத்தோம். விமானத்தைப் பதிவிலிருந்து நீக்கி ஏற்றுமதி செய்யக் கோரும் அதிகாரத்தை, திரும்பப் பெற முடியாத வகையில், குத்தகை தொடங்கும்போதே உரிமையாளருக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணம் அது. 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 2015இல் செய்த திருத்தத்தின்படி, அசல் ஐடெராவுடன் விண்ணப்பித்தால், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவை நீக்க வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பத்தோடு, நமக்கு முந்தைய முன்னுரிமை உள்ள பதிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன, அல்லது அவற்றுக்குரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்ற சான்றையும் இணைக்க வேண்டும்.

பதிவேட்டில் புதிய தேடல் சான்றை எடுத்தேன். முதல் வரியில் அந்த வங்கியின் பெயர் இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடமானம் தீர்த்தவருக்கு ரசீது ஆவணம் பதிவாகி, அதன் எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே அப்பா பழைய பத்திரங்களைக் கட்டி எடுத்து வைப்பார். அதைச் சிறு வயது முழுக்கப் பார்த்து வளர்ந்த நான், பதினேழாவது வரியை அப்படியே விட்டிருந்தேன்.

இடைப்பட்ட காலத்தில் அந்த வங்கி வேறொரு வங்கியுடன் இணைந்திருந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவர் பணியில் இல்லை. பதிவேட்டில் வங்கியின் கணக்கும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்ததால், பதிவை நீக்க வேண்டுமானால் முதலில் கணக்குக்கு உயிர் கொடுக்க வேண்டும். பழைய கடிதத்தையே ஒப்புதலாகக் காட்டி வாதாடலாம் என்று உடன் பணிபுரிந்த ஒருவர் சொன்னார். ஐந்து நாள் கெடு ஓடத் தொடங்கிய பிறகு அந்த வாதம் எடுபடாமல் போனால் மொத்த விண்ணப்பமும் திரும்பிவிடும் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. மூத்த வழக்கறிஞரிடம் என் தவற்றைச் சொன்னேன். அவர் என் முன்னிலையிலேயே வாடிக்கையாளரை அழைத்து உள்ளதை உள்ளபடி தெரிவித்தார். உடன்படிக்கையின் 25ஆம் பிரிவின்படி, கடன் தீர்ந்த பின் எழுத்தில் கேட்டால் காலதாமதமின்றிப் பதிவை நீக்க வேண்டியது வங்கியின் கடமை. அதைச் சுட்டிக்காட்டிப் புதிய வங்கியின் சட்டப் பிரிவுக்கு எழுதி, தினமும் அவர்களின் காலை ஒன்பது மணிக்கு அழைத்தேன். பதினோராம் நாள் பதிவு நீங்கியது.

அந்தப் பதினோரு நாளும் தூக்கம் சரியாக வராததற்கு வேறு காரணம் இருந்தது. விமான நிறுவனத்தின் மீது திவால் மனு ஏற்கப்பட்டால், திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதிக்கும் தடைக்காலம் தொடங்கிவிடும். அப்போதைய நிலையில், அதன்பின் உரிமையாளரே ஆனாலும் தன் விமானத்தைத் தொட முடியாது. எங்கள் விஷயத்தில் மனு பின்னால்தான் வந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானாகவே திவால் மனு கொடுத்தபோது இதே தடை உலகத்துக்கே தெரியவந்தது. விமானங்களுக்கு அத்தடையிலிருந்து விலக்களித்து அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பின்னும், 54 விமானங்களைப் பதிவிலிருந்து நீக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2024 ஏப்ரல் 26 ஆகிவிட்டது. 2025இல் வந்த வானூர்திப் பொருட்கள் மீதான உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கேப் டவுன் உடன்படிக்கைக்கு உள்நாட்டுச் சட்டத்தின் வலுவைத் தந்தது. இன்று இத்துறைக்கு வருபவர்கள் எங்களைவிட உறுதியான தரையில் நிற்கிறார்கள்.

வங்கியின் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் விமானத்தைப் பார்க்கப் போனேன். வழக்கறிஞர் நேரில் போக வேண்டிய தேவையில்லை என்று பலர் சொல்வார்கள்; நான் அப்படி நினைப்பதில்லை. ஓடுபாதையிலிருந்து ஒதுக்குப்புறமாக, சக்கரங்களுக்கு உறை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பொறியாளர் வலப்புற எஞ்சினின் மூடியைத் திறந்து, உள்ளங்கை அளவிலான உலோகத் தகட்டில் படிந்திருந்த எண்ணெய்ப் பசையைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் எண்ணைச் சத்தமாக வாசித்தார். குத்தகை ஒப்பந்தத்தை விரித்து வைத்து ஒப்பிட்டேன். கடைசி மூன்று இலக்கங்கள் பொருந்தவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவர் மறுபடியும் அதையே வாசித்தார்.

எங்கள் எஞ்சின் வெளிநாட்டுப் பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றில், கட்டணம் கட்டப்படாமல் கிடந்தது. இறக்கையில் தொங்கியது இன்னொரு குத்தகை நிறுவனத்தின் எஞ்சின். உடன்படிக்கையோடு இணைந்த விமான நெறிமுறை என்ற துணை ஆவணம் எஞ்சினைத் தனிச்சொத்தாகவே கருதுகிறது. எந்த விமானத்தில் மாட்டினாலும், கழற்றினாலும் அதன் உரிமை மாறுவதில்லை. எனவே அந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய எஞ்சினோடு ஒரே ஒரு பயணம் செய்து சேமிப்புத் தளத்தை அடைவது, அங்கே எங்கள் செலவில் கழற்றி ஒப்படைப்பது, இடையில் காப்பீடு எங்கள் பொறுப்பு என்று நான்கு பக்க உடன்பாடு எழுதினேன். என் தொழில்வாழ்வில் நான் எழுதியவற்றில் மிகச் சிறிய ஒப்பந்தம் அதுதான். அதிகக் கவனத்தோடு எழுதியதும் அதுதான்.

பராமரிப்புப் பதிவேடுகளை எடுத்துத் தந்தவர், விமான நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர். எஞ்சினுக்குள் சுழலும் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் அது தயாரான நாள் முதலான வரலாறு எழுத்தில் இருக்க வேண்டும். தாய்ப்பத்திரத்தில் ஒரு கண்ணி அறுந்தால் நிலத்தின் மதிப்பு விழுவது போலத்தான் இதுவும். நான்கு மாதமாகச் சம்பளம் வராத நிலையிலும் அவர் இரண்டு நாள் உட்கார்ந்து, முப்பத்தொரு பெட்டிகளுக்கும் எண் போட்டு அடுக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள், “சார், எங்க சம்பளத்துக்கு இந்தச் சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார். வழி இருக்கிறது. விமான நிறுவனம் குத்தகை நிபந்தனையை மீறியதாக அறிவிக்கப்பட்ட பின் சேரும் ஊழியர் சம்பள பாக்கிக்கு, பதிவு செய்த உரிமையாளருக்கும் முன்பாக இடம் உண்டு என்று இந்தியா அந்த உடன்படிக்கையின் கீழ் அறிவித்திருக்கிறது. ஆனால் நான் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர். அவருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இல்லை. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் ஒருவரைத் தாமதிக்காமல் பாருங்கள், 39ஆம் பிரிவு என்று சொல்லிக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னதை அன்று மாலையே வாடிக்கையாளருக்கும் தெரிவித்தேன். அவர்கள் கோபப்படவில்லை.

விண்ணப்பம் தாக்கலான ஐந்தாம் வேலை நாள் பதிவு நீக்கப்பட்டது. விமான நிலையக் கட்டண பாக்கி, சுங்க ஆவணங்கள், ஏற்றுமதித் தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. புறப்படுவதற்கு முந்தைய மாலை, ஏணியில் நின்ற இருவர் வால் பக்கத்தில் இருந்த, இந்தியப் பதிவைக் குறிக்கும் விடி (VT) என்ற எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய நாட்டின் எழுத்துகளை ஒட்டினார்கள். விடியற்காலையில் விமானம் ஸ்பெயினின் டெரூயல் சேமிப்புத் தளத்தை நோக்கிக் கிளம்பியது.

டெல்லி திரும்பியதும், நான் பங்கெடுத்த ஒப்பந்தங்கள் அனைத்தின் பட்டியல்களையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு விமானத்துக்கும் தேடல் சான்று எடுத்தேன். தீர்ந்த கடனுக்கு நீக்கப்படாத பதிவுகள் இன்னும் நான்கு இருந்தன. மூன்று அந்த மாதமே நீங்கின. நான்காவது வங்கி கலைக்கப்பட்டுவிட்டது. அதன் கலைப்பாளருக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.