வீட்டு விளையில் பதினொரு கோழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டு விளையில், பலாவுக்கும் தென்னைக்கும் அடியில், இப்போது ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் மேய்கின்றன. கோழி வளர்க்க விரும்பும் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த இனத்தை வாங்கலாம் என்பதைத்தான். அசீலா, நிக்கோபாரியா, வனராஜாவா என்ற பேச்சுக்குப் போகும் முன், கூடு கட்டியாகிவிட்டதா, எந்த மாதத்தில் தொடங்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டையும் கவனிக்காமல் தொடங்கித்தான் என் முதல் கோழிகளை ஒன்றுவிடாமல் இழந்தேன்.

அது ஒரு ஜூன் மாதம். தெருவில் விற்க வந்தவரிடம் ஒரு மாத வயதுள்ள பத்துக் குஞ்சுகளை வாங்கி, விறகுப்புரையின் ஒரு மூலையை வலையால் அடைத்து அதற்குள் விட்டேன். தென்மேற்குப் பருவமழை பிடித்த இரண்டாவது வாரத்தில் தரை ஊறிப்போனது. குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றன. எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. இரத்தக்கழிச்சல் என்று கால்நடை மருத்துவர் சொல்லி மருந்து தருவதற்குள் நான்கு குஞ்சுகள் போய்விட்டன. எச்சத்தோடு வெளியேறும் அந்த நோய்க்கிருமி ஈரமான கூளத்தில்தான் வீரியம் பெறுகிறது என்பதால், தரை காயாதவரை மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். மீதி ஆறையும் அடுத்த வாரம் ஒரே இரவில் மரநாய் கொன்றது. மெல்லிய கோழிவலை ஆணியடித்த இடத்தில் பிரிந்து, என் கை நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. "கோழி எப்ப வேணும்னாலும் கிடைக்கும் மக்ளே, முதல்ல கூட்டை ஒழுங்கா கட்டு" என்று அத்தை சொன்னதை அன்று முழுமையாக ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாம் முறை கூட்டுக்கு மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். இரவில் அடைவதற்கு ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும் என்பார்கள். நாங்கள் ஆறடிக்கு ஐந்தடியாக, தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினோம். இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது என்பதால், கூரை ஓடுகளைச் சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே இறக்கினோம். பக்கங்களில் அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலையை அடித்து, கீரியும் பெருச்சாளியும் தோண்டாதபடி சுற்றிலும் ஓரடி ஆழத்துக்கு அதே வலையைப் புதைத்தோம். உள்ளே ஆழ்கூளமாக, அதாவது தரையில் கனமான படுக்கையாக, நன்றாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவைப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுகிறேன். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, கொஞ்சம் சுண்ணாம்புத்தூளைக் கலந்து கிளற வேண்டும்.

தொடங்க உகந்த மாதம் ஜனவரி என்பது என் முடிவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து விளை காய்ந்திருக்கும். அப்போது பொரிக்கும் குஞ்சுகள் ஜூன் மழைக்குள் இறகு முற்றி வலுவாகிவிடும். கடையில் குஞ்சு வாங்கினால் முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்கும்படி பல்பு எரிய வேண்டும். தாய்க்கோழி இருந்தால் அந்தக் கவலையே இல்லை. எனவே அக்கா வீட்டிலிருந்து ஓர் அடைக்கோழியைக் கேட்டு வாங்கி, சுளவில் (முறத்தில்) மணல் பரப்பி, ஒரு வாரத்துக்கு மேற்படாத பன்னிரண்டு முட்டைகளை வைத்தோம். இடிக்கு முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அத்தை ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் பக்கத்தில் வைத்தார். அந்த வழக்கத்தை நானும் விடவில்லை. ஏழாம் நாள் இரவில் கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு கூடியதில் சிலந்தி கால் விரித்ததுபோல் சிவந்த நரம்புகள் தெரியும். நரம்பே இல்லாமல் வெறுமையாக இருந்த இரண்டை எடுத்துவிட்டோம். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் வந்தன.

நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் கூடு காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி. இவற்றில் ஒன்றையும் தவறவிடக்கூடாது. மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கானது, பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும், கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக இத்தனை பாடா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பக்கத்து நான்கு வீடுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுவிடுகிறோம்.

தீவனத்துக்குப் பெரிய செலவில்லை. காலையில் கொஞ்சம் குருணை, மாலையில் கம்பு, மீதியை விளையில் அவையே கிண்டித் தின்னும். மரச்சீனியின் (மரவள்ளிக்கிழங்கின்) தோலையும் இலையையும் மட்டும் பச்சையாகப் போட வேண்டாம், அதில் சயனைடு நச்சு இருக்கிறது. முட்டை ஓடு மெலிந்தால் கடற்கரைச் சிப்பியை இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிடுங்கள். வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும்.

இப்போது எங்கள் செம்பெட்டை முதன்முறையாக அடையில் இருக்கிறது. நேற்று மாலை அதன் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதருகே வைத்தேன். உள்ளே மெல்லிய கீச்சொலி கேட்டது, ஓட்டில் மிளகளவு ஒரு விரிசலும் விழுந்திருந்தது. குஞ்சுகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.