கருமணல் முற்றம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இன்று வீடு பார்க்க வந்தவர் முற்றத்து மணலை ஒரு கை அள்ளினார். "கறுப்பால்லா கெடக்கு, கதிர்வீச்சு உண்டும்லா அண்ணே?" உடனே சென்ட் விலையைக் குறைத்துக் கேட்டார்.

அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது.

கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பது தேன் நிற மோனசைட் தாது மணிகளில்.

அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கதிர்வீச்சை அளக்கும் காமா சர்வே மீட்டரால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், முற்றத்திலும் ஒவ்வொரு அறையிலும் அளக்கணும். பேஸ்மென்ட் நிரப்பக் கடல்மணல் போட்டாங்களான்னு கொத்தனாரிடம் கேளுங்க. போட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே கதிர்வீச்சு அளவு ஏறலாம்.

இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை.

வெறும் பேச்சுக்குப் பயந்து வீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பது அநியாயம். விற்கிறவங்க, அறைவாரியாக அளந்த எண்களைத் தேதியோடு எழுதிப் பத்திரத்தோடு வைச்சுக் காட்டுங்க.