நீல மூடிக் குழாய்

காசிமேட்டில் வாங்கிவந்த வஞ்சிரத்தை ஆயும்போது அம்மாவின் விரலில் லேசாகக் கீறிவிட்டது. கால் மணி நேரம் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. இதயத்தில் செயற்கை வால்வு, அதனால் தினமும் வார்ஃபரின், ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மாத்திரை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காலையில் வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபுக்குக் கூட்டிப்போனேன். நீல மூடிக் குழாயில் சரியாகக் கோடு வரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடியில் இருக்கும் சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். ரத்தம் குறைந்தால் கணக்கே தப்பிவிடும். மறுபடி குத்தணும் என்றால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

அப்புறம் பிளாஸ்மாவைப் பிரித்து, கால்சியமும், உறைதலைத் தொடங்கிவைக்கும் திராம்போபிளாஸ்டினும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். அதிலிருந்து வரும் எண்தான் ஐஎன்ஆர்; அது கூடினால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். நமக்கெல்லாம் 1-க்குப் பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்கணும், வந்தது 4.1.

கீரை ஆகாது என்று யாரோ சொல்ல, இரண்டு வாரமாக முருங்கைக்கீரையைத் தொடவில்லையாம்! உறைய வைக்கும் புரதங்களில் நான்கைச் செய்ய ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் தடுப்பது அதைத்தான். கீரையை நிறுத்தினால் மருந்து கூடுதலாக வேலை செய்யும். ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். மாத்திரையையும் குறைத்திருக்கிறார். புதன்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கணும்.