எரிமலைக்காரரிடம் எரிமலைக் கதை

நுவரெலியாவில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வான் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "ஹோர்ட்டன் சமவெளி ஓரத்துல உலக முடிவுப் பள்ளம் இருக்கே தம்பி, அது ஒரு காலத்துல எரிமலை வெடிச்ச வாய்." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் யோசிக்காமல் பதினொரு வருடம் சொல்லி வந்தேன்.

போன மாசியில் வந்தவர் இந்து சமுத்திரத்தில் இருக்கும் ரீயூனியன் தீவுக்காரர். அவருடைய பூட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர். எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த அதே காலம். அவருக்குத் தமிழில் தெரிந்தது மாரியம்மன் பெயர் மட்டும்தான். பட்டிப்பொல தாண்டும்வரை அரைகுறை ஆங்கிலத்தில் கோயில் பேச்சுதான்.

ஹோர்ட்டன் சமவெளி வாசலில் ஷொப்பிங் பேக் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கமாக அங்கிருந்து ஆட்களை விரட்டிக்கொண்டு போவேன். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி பள்ளத்தை மூடிவிடும். இவரோ நகர்ந்தால்தானே! பாசி பிடித்த கிளையில் ஒரு கொம்பு ஓணான். விரலளவு உடம்பு, அதைவிட நீண்ட வால், மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. எங்கள் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். நான் எத்தனை தடவை அதைத் தாண்டி ஓடியிருப்பேனோ! அவர் அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தார். கண்ணைக்கூட மெதுவாகத்தான் உருட்டியது.

உலக முடிவை அடைந்தபோது 870 மீட்டர் பள்ளத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சரி, கதையாவது சொல்வோம் என்று எரிமலையை எடுத்துவிட்டேன். அவர் பாறையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் ஊர்க் கல் கறுப்பு, ஓட்டை ஓட்டையாக இருக்கும். இதில் வரிவரியாக மினுங்குகிறதே? 2007இல் எரிகுழம்பு ரோட்டைக் கடந்து கடலில் விழுந்தது. அந்தத் தரைக்கு என் மகளைவிட வயது குறைவு."

காது சுட்டது. பிறகுதான் தேடிப் படித்தேன்: இது பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை, வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். அவர்கள் தீவின் மலைகளும் எங்கள் மத்திய மலைநாடும் 2010இல், ஒரே வருடத்தில், உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவையாம். அன்றே தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம்.

வானுக்குத் திரும்பியதும் அண்ணன் கேட்டார்: "எப்படி தம்பி, எரிமலைக் கதை எடுபட்டுச்சா?"

"அவரு ஊர்ல நெசமாவே எரியுதாம் அண்ணே."

கியரைப் போட்டார். "அப்ப நாளைக்கு வர்ற ஆளுக்குச் சொல்லு."