கடிகாரம் தவறா, டாஸ்க்பார் தவறா?

"அப்பா, எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது" என்று மகள் கூப்பிட்டபோது இணையம்தான் போய்விட்டது என்று நினைத்தேன். மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பயன் இல்லை. ஆனால் அதே வைஃபையில் கைபேசி நன்றாக வேலை செய்தது. அப்படியானால் கோளாறு கணினியில்தான். பிரவுசர் காட்டிய எச்சரிக்கையை அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது.

நேரத்தைப் பார்க்க, திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் வலது மூலைக்குப் போனால், அங்கே கடிகாரமே இல்லை. ஸ்பீக்கர் படம் இருந்தது, வைஃபை படம் இருந்தது, நேரம் மட்டும் இல்லை. உடனே நான் போட்ட முடிச்சு: டாஸ்க்பார் கெட்டுவிட்டது, அதனால்தான் கடிகாரமும் கெட்டுவிட்டது. இரண்டும் தனித்தனிக் கோளாறுகள், ஒரே நாளில் கண்ணில் பட்டிருக்கின்றன என்று புரிந்துகொள்வதற்குள் அந்த நாளின் பெரும்பகுதி போய்விட்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த நேரமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டாஸ்க்பார். எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, ஃபோல்டர் ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலின் கை இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் டாஸ்க்பாரும் சிக்கிக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்பி வந்தது. கடிகாரம் வரவில்லை. கணினியையே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன். அப்போதும் இல்லை. சிக்கல் தற்காலிகமானது இல்லை, எங்கோ ஒரு அமைப்பு மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸைத் திறந்து கீழே இறங்கினால், எந்தெந்த சிஸ்டம் ஐகான்கள் தெரிய வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் கிளாக் என்பதற்கு நேரே சுவிட்ச் அணைந்திருந்தது. சில நாட்களுக்கு முன் மூலையில் நெரிசலாக இருக்கிறது என்று சில ஐகான்களை நான்தான் மறைத்தேன். அப்போது இதிலும் கை பட்டிருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் கடிகாரம் வந்துவிட்டது.

வந்த கடிகாரம் நள்ளிரவு 12:47 என்றது. அப்போது பிற்பகல். தேதியைக் காணோம், நேரம் மட்டும்தான். அதற்குக் காரணம் வேறு: டாஸ்க்பார் பட்டன்களைச் சிறிதாக வைத்திருந்தால் விண்டோஸ் 10-இல் தேதிக்கு இடம் போதாது, நேரம் மட்டுமே தெரியும். சிறிய பட்டன்கள் என்ற அந்தத் தேர்வை அணைத்ததும் தேதி கீழே வந்து உட்கார்ந்தது. 2017, ஜனவரி 1.

அந்த 12:47-தான் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தடயம். மகள் கணினியைப் போட்டு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதாவது கணினி உயிர் பெற்ற கணத்தில் கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்கியிருக்கிறது. பல மணி நேரம் பின்தங்கி ஓடிய கடிகாரம் இல்லை இது. எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கிய கடிகாரம். பிரவுசர் ஏன் மறுத்தது என்பதும் இங்கேயே விளங்கியது. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். 2017-இல் நிற்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவை.

சரி, நேரத்தைத் திருத்திவிடலாம் என்று தேதி, நேரம் செட்டிங்ஸில், இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும் சிங்க் நவ் பட்டனை அழுத்தினேன். தோல்வி. மறுபடியும் தோல்வி. இணையமே சரியாக இருக்கும்போது ஏன் என்று குழம்பினேன். விண்டோஸின் நேரச் சேவைக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: அலுவலக நெட்வொர்க்கில் சேராத தனிக் கணினியில் 54,000 நொடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது தானாகத் திருத்தாது. தவறான நேரத்தை யாரோ கொடுத்தால் கணினி கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்ற எச்சரிக்கைதான். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன், ஆனால் தெரியாதவரைத் திணறடித்துவிடும். தானாக நேரம் அமைக்கும் சுவிட்சை அணைத்து, கையால் இன்றைய தேதியையும் நேரத்தையும் கொடுத்து, சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு சிங்க் நவ் அழுத்தியதும் உடனே ஏற்றுக்கொண்டது. இணையமும் திறந்தது.

மறுநாள் காலை மறுபடியும் 2017.

இங்கேதான் உண்மையான காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது விண்டோஸ் இல்லை. கணினியின் முக்கிய மின்சுற்றுப் பலகையான மதர்போர்டில், சின்னப் பேட்டரி ஒன்றின் துணையோடு ஓடும் தனிக் கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சின்னப் படிகத்தை வைத்து அது நொடிகளை எண்ணுகிறது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது படியில் வரும் எண் அது. அதனால் பாதி பாதியாகக் குறைத்து ஒரு நொடிக்கு வந்து சேர்வது மின்சுற்றுக்கு எளிது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இப்படிப் பேட்டரியோடு கூடிய கடிகாரம் மதர்போர்டிலேயே இருந்தது. அதற்கு முந்தைய பிசியில், அக்கால இயங்குதளமான டாஸ் தொடங்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

பேட்டரிதான் என்று ஊகிக்க முடிந்தாலும், திறப்பதற்கு முன் உறுதி செய்ய விரும்பினேன். மேசைக் கணினியை ஷட் டவுன் செய்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். அதுவரை அந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரி தேவைப்படாது. நாங்கள் இரவில் சுவர் சுவிட்சையும் அணைப்பவர்கள். ஒரு இரவு அணைக்காமல் விட்டேன். காலையில் நேரம் சரியாக இருந்தது. அடுத்த இரவு அணைத்தேன். காலையில் 2017. காசு செலவில்லாத இந்தச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸை மறுபடி நிறுவும் யோசனைவரை போயிருந்தேன். நிறுவியிருந்தாலும் மறுநாள் காலையில் இதேதான் நடந்திருக்கும்.

இன்னொரு உறுதிப்பாடு பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டின் அடிப்படை நிரல். கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனை அழுத்தி உள்ளே போனால் (எந்தப் பட்டன் என்பது மதர்போர்டைப் பொறுத்தது) நேரம் தெரியும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே அங்கு நேரம் தவறாக இருந்தால், டாஸ்க்பாரையும் செட்டிங்ஸையும் கிளறிப் பயன் இல்லை.

பேட்டரி சிஆர் 2032 வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். எண்ணிலேயே அளவு இருக்கிறது. மாற்றுவது கடினம் இல்லை, முன்னேற்பாடுதான் முக்கியம். பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடலாம். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசை, டிஸ்க் இயங்கும் முறை எல்லாம் மாறினால் விண்டோஸே தொடங்காமல் நின்றுவிடும். அதனால் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். டிஸ்க்கை பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியை வைத்துப் பூட்டியிருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மீதி மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் இருந்த சிறு கிளிப்பைத் தள்ளியதும் அது தானே எழும்பியது. மல்டிமீட்டரில் 2.2 வோல்ட்தான் காட்டியது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தினேன். மடிக்கணினி என்றால் இதை அப்படியே செய்ய வேண்டாம். பலவற்றில் பேட்டரி வயரோடு சேர்ந்து உறைக்குள் இருக்கும், சிலவற்றில் தனிப் பேட்டரியே இருக்காது. முதலில் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

மூடியதும் நேராக பயாஸுக்குப் போய் நேரத்தை அமைத்தேன், பிறகு விண்டோஸில் ஒரு சிங்க். அன்று இரவு சுவிட்சை அணைத்தோம். காலையில் மகளே முதலில் பார்த்துவிட்டு "சரியா இருக்குப்பா" என்றாள்.

வேலை முடியவில்லை. நேரம் தவறிய நாட்களில் அவள் இணையம் பக்கம் போகாமல் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்திருந்தாள். நாங்கள் காப்புப் பிரதி எடுக்கும் நிரல், தேதியை ஒப்பிட்டுப் புதியதை மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துச் செல்லும். அவள் திருத்திய பிரதியில் 2017 என்று பதிந்திருந்ததால், அது பழையது என்று நினைத்து விட்டுவிட்டது. வெளி டிஸ்க்கில் இருந்தது பாதிக் கட்டுரைதான். எனக்கு உண்மையிலேயே திக்கென்றது. நேரம் தவறினால் இணையம் திறக்காது என்பது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. ஃபோல்டரைத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தி, 2017 என்று வந்த மூன்று கோப்புகளையும் திறந்து ஒரு சிறு மாற்றம் செய்து மறுபடி சேமித்தோம். தேதி சரியானது, பிரதியும் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் இரண்டு வாரம் கழித்து கடிகாரம் 7:18-இல் நின்றது. இந்த முறை பேட்டரி என்று ஓடவில்லை. மறந்துபோன கடிகாரம் தவறான நேரத்திலாவது ஓடும், இது அசையவே இல்லை. எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்ததும் சரியான நேரத்துக்குத் தாவியது. இரண்டு நாளில் மறுபடி அப்படியே ஆனதால், புதிதாக நிறுவியிருந்த டாஸ்க்பார் அலங்கார நிரல் ஒன்றை நீக்கினேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

உறவினர் ஒருவரின் கணினியில் பார்த்தது மூன்றாவது வகை. அவரிடம் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் விண்டோஸும் ஒரே கணினியில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளிப்போகும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் சரியானது. வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் நேர மண்டலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவைக்க மனம் வரவில்லை. குழந்தைகள் இதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன். பேட்டரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.