ஐந்தையும் ஏழையும் கையில் போட்டுக் கேட்ட மூன்று மாதங்கள்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் தினமும் பாட்டுக் கேட்பது என் வழக்கம். கடந்த மூன்று மாதங்களாக அதைக் கேட்கும் விதத்தை மாற்றிப் பார்த்து வருகிறேன். எந்த மொழிப் பாட்டானாலும் முதலில் தொடையில் தட்டித் தாளத்தைப் பிடிப்பது, அது கைக்கு வந்த பிறகே குரலுக்கும் சொல்லுக்கும் செவி கொடுப்பது என்பதுதான் அந்த முறை. நான் கேட்கும் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை நான்கிலோ மூன்றிலோ நடப்பதால் அவை முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டன. பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களில் உடன் பாடுபவர்களின் கைதட்டலே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

சிரமம் 'டேக் ஃபைவ்' என்னும் ஜாஸ் இசையில் தொடங்கியது. டேவ் புரூபெக் குழுவினர் 1959இல் வெளியிட்ட 'டைம் அவுட்' இசைத்தட்டில் உள்ள இதை இயற்றியவர், அதில் சாக்ஸஃபோன் வாசிக்கும் பால் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கை என்று தெரிந்ததும் கர்நாடக இசையில் நமக்குப் பழக்கமான கண்ட சாபு தாளத்தை, அதாவது இரண்டும் மூன்றுமாக நடக்கும் 'தக தகிட' என்பதைப் போட்டேன். ஒவ்வொரு சுற்றும் ஐந்தில் சரியாக முடிந்தபோதும், பியானோவின் அழுத்தம் என் தட்டோடு சேராமல் உரசிக்கொண்டே இருந்தது. நான்கு நாட்கள் இப்படியே போயின.

என் பெரியப்பா தெருக்கூத்தில் மத்தளம் வாசிப்பவர். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் விடிய விடிய வாசித்துப் பழகிய கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டவர், திண்ணை ஓரத்தில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். "தலைய வாலா புடிச்சிருக்கடா. தகிட முன்னாடி, தக பின்னாடி. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருக்காத, வாயால சொல்லு, கை தானா போவும்" என்றார். 'தகிட தக' என்று சொல்லிக்கொண்டே கேட்டபோது பியானோ என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஜோ மொரெல்லோ டிரம்ஸை வாசிக்கும் நீண்ட பகுதியில் அவருடைய அடிகள் எங்கெங்கோ சிதறிச் சென்றாலும், பின்னால் அந்தப் பியானோ ஐந்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் கடைசிவரை தாளம் தவறுவதில்லை. இந்த மூன்று மாதங்களில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்.

அதன் பிறகு ஏழுக்குப் போனேன். மிஸ்ர சாபு 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக நடப்பது. ஷியாமா சாஸ்திரி தம் கீர்த்தனைகள் சிலவற்றில் அதைத் திருப்பி, நான்கை முன்னாலும் மூன்றைப் பின்னாலும் வைத்திருக்கிறார். விலோம சாபு என்று அதைச் சொல்வார்கள். இந்த இரண்டையும் பழகிய கையோடு கிரேக்கர்களின் கலமட்டியானோஸ் என்னும் நடன இசையைக் கேட்டால் மூன்று, இரண்டு, இரண்டு என்று நம் மிஸ்ர சாபுவே வருகிறது. பல்கேரியாவின் ரச்செனிட்சா நடன இசையில் இரண்டு, இரண்டு, மூன்று என்று விலோமம் வருகிறது. ஒரு சொல்கூடப் புரியாத அந்தப் பாட்டுகள் அதற்குப் பிறகு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

பிங்க் ஃபிளாய்டு என்னும் ராக் இசைக்குழுவின் 'மனி' (1973) நாணயம் குலுங்கும் ஓசையிலிருந்தே ஏழாக நடப்பது. சாக்ஸஃபோன் வரை ஒழுங்காக வந்த என் கணக்கு, கிட்டார் தொடங்கியதும் ஒவ்வொரு முறையும் கலைந்தது. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே அந்த இடத்தில் பாட்டு நான்குக்கு மாறிவிட்டு, பின்னர் மீண்டும் ஏழுக்குத் திரும்புவது பிடிபட்டது.

இந்த முறையால் ஓர் இழப்பும் உண்டு. சிறு வயதிலிருந்து கேட்டுவரும் நாகூர் ஹனிஃபாவின் பாடல்களையும் இப்படித் தட்டிக்கொண்டு கேட்டபோது, அவருடைய கம்பீரமான குரல் எங்கோ தள்ளிப்போய், தட்டுகள் மட்டும் மிஞ்சின. ஆகவே அவர் பாடும்போது கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கையில் இருப்பது அதே 'டைம் அவுட்' தட்டில் முதலாவதாக வரும் 'புளூ ரோண்டோ'. 1958இல் இஸ்தான்புல் தெருவில் இசைக்கலைஞர்கள் வாசித்த ஒன்பது எண்ணிக்கையைக் கேட்டு புரூபெக் உருவாக்கியது அது. சங்கீர்ணம் எனப்படும் இந்த ஒன்பதை நாம் வழக்கமாக நான்கும் ஐந்துமாகப் பிரிப்போம். இதிலோ 'தக தக தக தகிட' என்று மூன்று சுற்று வந்து, நான்காவது சுற்று மட்டும் 'தகிட தகிட தகிட' என்று மாறுகிறது. வாயால் சொல்லும்போது சரியாக வருகிறது. கை அந்த நான்காவது சுற்றில் இன்னும் அரை நொடி தயங்குகிறது.